புகை மாதிரி தெரிந்தால் அதுதான் தம்பி

நார்வேயின் ட்ரொம்சோ வந்து மூன்று வாரமாச்சு, வடதுருவ ஒளியைப் பார்க்க இரண்டு ராத்திரி போய் நின்றும் வெள்ளையாகப் புகை மாதிரிதான் தெரிஞ்சுது, பச்சையெல்லாம் கேமரா வித்தைங்களாண்ணா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் பார்த்ததே அதுதான். நானும் வந்த வருடம், கவுந்தப்பாடிப் பக்கம் கரும்பாலையிலிருந்து எழும் புகை மாதிரி வடக்கே ஏதோ கிடக்கிறது என்று திரும்பி வந்துவிட்டேன். மங்கலான வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் பிடிபடாது. கேமரா பத்து நொடி திறந்திருந்து சேர்த்துக்கொள்வதால் பச்சை வருகிறது. பலமாக ஆடும் அன்றைக்கு வெறும் கண்ணுக்கே பச்சை, சில சமயம் அடியோரத்தில் ரோஸ்கூட ஓடும்.

பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்குகிறது என்று காட்டும் கேபி (Kp) எண்ணையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். இந்த ஊருக்கு 2 வந்தாலே போதும். பார்க்க வேண்டியது மேகத்தை. ஒளி எரிவது 100 கிலோமீட்டருக்கு மேலே, மேகம் அதற்கு எவ்வளவோ கீழே, திரை போட்ட மாதிரி. கடலோரம் மூடிக்கிடந்தால் ஸ்கீபொத்ன் பள்ளத்தாக்குப் பக்கம் வண்டியை விடுங்கள். மலைத்தொடர் தடுப்பதால் கடல் மேகம் அந்தப் பள்ளத்தாக்குக்கு அவ்வளவாக வராது. மேற்கு மலை மறித்து நம் காங்கேயம், தாராபுரம் வறண்டு கிடக்கிறதே, அதே கணக்குதான். ஊரில் நாம் திட்டிய மழைமறைவு இங்கே வரம்!

படத்துக்கு ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 1600, எஃப் (லென்ஸ் திறப்பு) 2.8, ஷட்டர் எட்டு நொடி என்று தொடங்குங்கள். வேகமாக ஆடினால் இரண்டு மூன்று நொடிக்கு இறக்குங்கள், இல்லாவிட்டால் மடிப்பெல்லாம் குழம்பிப் பச்சைக் கூழாகிவிடும். ஃபோகஸைக் கையால் ஒரு நட்சத்திரத்தில் வைத்து டேப் ஒட்டிவிடுங்கள். ஆட்டோஃபோகஸில் விட்டு ஒரு ராத்திரி முழுக்க எடுத்த படங்களில் ஒன்றுகூட எனக்குத் தேறவில்லை. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், மாற்று பேட்டரி சட்டையின் உள்பையில் உடம்புச் சூட்டில் இருக்கட்டும். வீட்டுக்குள் நுழையும் முன்பே கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் லென்ஸெல்லாம் தண்ணீர் பூத்துவிடும்.

அப்புறம், திருப்பூர்ப் பனியனை உள்ளே போட்டுக்கொண்டு போகாதீர்கள். நம்ம ஊர்ச் சரக்குதான், ஆனால் பருத்தி வேர்வையைக் குடித்து ஈரமாகவே நிற்கும், பத்து நிமிடத்தில் முதுகு விறைத்துவிடும். கம்பளி பனியன்தான் சரி.

சனிக்கிழமை மேகம் விலகும் என்கிறார்கள். நான் ஸ்கீபொத்ன் போகிறேன், வண்டியில் இடம் இருக்கிறது. அரிசிம்பருப்புச் சோறு நான் கொண்டுவருகிறேன், கேமரா முக்காலி மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், என்னுடையதில் ஒரு கால் உடைந்துவிட்டது.