ஜெயிலா, மரியாதையா?

கேள்வி: பிள்ளைக்குச் செலவுப் பணம் கட்டாத அப்பாக்களை உள்ளே தள்ளாமல், உட்காரவைத்து மரியாதையாகப் பேசிப் பார்த்தார்களாமே அமெரிக்காவில்? இது என்ன கூத்து?
(வாசகி ஒருவர், திருச்சி)

பதில்: உள்ளே தள்ளி அவர்கள் அடித்த கூத்தை முதலில் கேளுங்கள் அம்மா.

தென் கரோலினாவில் டர்னர் என்பவர் வாரம் 51 டாலர் 73 சென்ட் கட்ட வேண்டும். கட்டவில்லை. பலமுறை நீதிமன்றம் ஏறிய பிறகு 2008 ஜனவரியில் மறுபடி நின்றார். போதையில் விழுந்தேன், முதுகு உடைந்தது என்று சொல்லிப் பார்த்தார். 12 மாதம் சிறை. உத்தரவுப் படிவத்தில் 'கட்டும் வசதி இருந்தது / இல்லை' என்று ஒரு வரி அச்சடித்திருந்தது. ஒன்றை அடித்து மற்றதை விட வேண்டும். நீதிபதி இரண்டையும் அப்படியே விட்டுவிட்டார்! இரு தரப்பிலும் வக்கீல் கிடையாது. தண்டனை முடிந்து வந்த பிறகும் பாக்கி கூடித்தான் இருந்தது. புதிதாக இன்னொரு நோட்டீஸ். சிறையில் இருக்கிறவருக்குச் சம்பளம் யார் கொடுப்பார்?

இந்த வழக்கில் 2011-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், 5-க்கு 4 என்ற கணக்கில், அரசு செலவில் வக்கீல் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை என்றது. ஆனால் வசதி உண்டா இல்லையா என்பதுதான் வழக்கின் உயிர் என்று முன்பே சொல்ல வேண்டும், வரவு செலவைக் கேட்க வேண்டும், அதைப் பற்றி அவரைப் பேச விட வேண்டும், வசதி உண்டா என்ற முடிவைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றது. டர்னருக்கு இதில் ஒன்றுமே நடக்கவில்லை.

நீங்கள் சொல்லும் சோதனை 2016-ல், 5 மாநிலங்களில் தொடங்கியது. நீதிமன்ற அவமதிப்பு வழக்கு பாய வேண்டிய அப்பாக்களில் ஒரு பகுதியினரை ஊழியர் ஒருவர் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். ஏன் கட்டவில்லை, இந்தத் தொகை எப்படி வந்தது, குறைக்க மனு போடலாமா, வேலைக்கு என்ன வழி என்று. அம்மாவிடமும் பேசினார்கள். வழக்குகள் குறைந்தன. பணம்? கூடவில்லை. சரி, தோல்விதானே என்பீர்கள். பணத்தை வைத்துப் பார்த்தால் ஆமாம். பை காலியாக இருக்கிறவரிடம் எவ்வளவு பணிவாகக் கேட்டாலும் காசு வராது. கட்ட முடியாத தொகையை விதித்துவிட்டு மரியாதை மட்டும் காட்டினால் பிள்ளைக்குச் சோறு கிடைக்காது. அந்தத் தொகையைத்தான் முதலில் திருத்த வேண்டும்.

வைத்துக்கொண்டே ஒளிப்பவரை உள்ளே போடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அவர் அந்த ரகமா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். 2016 டிசம்பரில் வந்த அமெரிக்க மத்திய அரசு விதியும் வழக்குக்கு முன் வசதியைச் சரிபார்க்கத்தான் சொல்கிறது.