பழைய ஹைபிரிட் காரின் டைமிங் செயினுக்கு இவ்வளவு செலவழிக்கலாமா?

உங்களுடையது 2012 ஹைபிரிட், 1,60,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது, காலையில் எஞ்சினில் கரகரச் சத்தம், கராஜில் டைமிங் செயின் (பிஸ்டனும் வால்வும் ஒத்து ஓட வைக்கும் எஞ்சின் சங்கிலி) மாற்ற 3 இலட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள், செய்வதா விற்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யுங்கள். ஆனால் சத்தம் செயினில் இருந்துதான் வருகிறது என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

என் காரிலும் இப்படித்தான் தொடங்கியது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று விநாடி, தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம். அப்புறம் அடங்கிவிடும். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஒயில் அழுத்தத்தில் வேலை செய்வது. இரவு முழுக்க நின்ற காரில் அந்த அழுத்தம் ஏறும்வரை, தேய்ந்து நீண்ட செயின் தளர்ந்து ஆடும். சில மாதத்தில் எஞ்சின் விளக்கும் எரிந்தது. ஸ்கேன் போட்டால் பி0016 என்ற பிழைக் குறியீடு: பிஸ்டன்களோடு சுழலும் கிராங்கும் வால்வுகளைத் திறக்கும் கேமும் பொருந்தி ஓடவில்லை. இதற்குமேல் தள்ளிப்போடக் கூடாது. செயின் பல்லுத் தாண்டினால் வால்வு போய் பிஸ்டனில் அடிபட்டு எஞ்சினே போய்விடும்.

ஸ்கேன் போடாமல் காதால் கேட்டு மட்டும் விலை சொல்கிறவரிடம் காரைக் கொடுக்காதீர்கள். எஞ்சினின் தலைக்கும் உடலுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட் போனாலும், சிலிண்டருக்குள் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கசிந்து, காலையில் எஞ்சின் நடுங்கிச் சத்தம் போடும். 1.8 லீற்றர் ப்ரியஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். கூலன்ட் மட்டம் குறைகிறதா என்று ஒரு வாரம் பாருங்கள்.

செயினின் விலை பெரிதில்லை, கூலிதான் பெரிது. எஞ்சின் மவுன்ட், வால்வு கவர், கிராங்க் புல்லி எல்லாம் கழற்றித்தான் முன் கவரைத் திறக்க முடியும். எனக்கு முடிவில் 1,85,000 ரூபா வந்தது, பாதிக்கு மேல் கூலி. அதனால் திறந்த கையோடு டென்ஷனர், செயின் உரசி ஓடும் கைட், முன் ஒயில் சீல் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். ஒரு சீலுக்காக அதே கூலியைத் திரும்பக் கொடுக்கக் கூடாது.

ஹைபிரிட் பழகிய ஆள்தானா என்பது தொடங்கும்போதே தெரியும். எங்கள் மெக்கானிக் அண்ணை முதலில் சாவியை வாங்கி லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். கார் ரெடியில், அதாவது ஓடத் தயாரான நிலையில், இருந்தால் எஞ்சின் தானாக ஸ்டார்ட் ஆகும், கை போய்விடும் என்றார். பெரிய பற்றரியின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கையும் கழற்றினார். புதிய செயினைப் பூட்டுமுன் பழையதையும் அதையும் ஒரே ஆணியில் தொங்கவிட்டுக் காட்டினார். பழையது அரை நகம் அளவு கீழே இறங்கி நின்றது. அவ்வளவுதான் வித்தியாசம்!

தேய்ந்ததற்குக் காரணம் ஒயில். கொழும்பின் காலி வீதி நெரிசலில் எஞ்சின் பாதி நேரம் நிற்கிறதே என்று ஒயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டேன். உண்மையில் அது நின்று நின்று ஸ்டார்ட் ஆகிறது, சிறு ஓட்டத்தில் சரியாகச் சூடாவதும் இல்லை. இப்போது 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஒயில் மாற்றுகிறேன்.

விற்பதென்றால், சத்தத்தைக் கேட்டதும் வாங்க வருகிறவர் செலவைவிட அதிகமாகக் குறைத்துக் கேட்பார். இலங்கையில் 2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்தாலும், வரியோடு சேர்த்தால் புதிதாக ஒன்று எடுப்பது நம்மைப் போன்றவர்களுக்கு இலேசில்லை. பற்றரி நன்றாக இருந்தால் உங்கள் கார் இன்னும் பல வருடம் ஓடும். கொடுக்குமுன் கழற்றும் பழைய சாமான் எல்லாம் எனக்குத் திரும்ப வேண்டும் என்று மட்டும் சொல்லிவையுங்கள்.