கடன் வாங்கி இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் படித்தால் வருகிற சம்பளத்தில் கடனை அடைத்துவிட முடியுமா?

முடியும். நான் அடைத்தேன். ஆனால் "முடியும்" என்ற ஒரு வார்த்தையை நம்பி நீங்கள் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வீட்டிலிருந்து பெரிதாக உதவி இல்லை, படிப்புச் செலவு முழுக்கக் கடன்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். வேலை நடக்கும் முறையை ஆராய்ந்து நேரத்தையும் செலவையும் குறைக்கக் கற்றுத்தரும் படிப்பு இது. இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே யாராவது ஒருவர் "அது பாதி மேனேஜ்மென்ட், நிஜ இன்ஜினியரிங் இல்லை" என்று சொல்லியிருப்பார். இதை நான் வேலைக்குச் சேர்ந்த பிறகும் கேட்டிருக்கிறேன், இன்றைக்கும் கோபம் வருகிறது. நிகழ்தகவு, புள்ளியியல், லீனியர் புரோகிராமிங், சிமுலேஷன், வரிசைக் கோட்பாடு எல்லாம் படித்துத் தேறியவனைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்லக் கூடாது.

சரி, கணக்கு. கடன் தொகையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வருடப் படிப்பு, ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் 25 கைக்கு வருகிறது, வட்டி 10 சதவீதம். படிக்கும்போது ஒன்றும் கட்டவில்லை என்றால், தனி வட்டியாகப் பார்த்தாலே படிப்பு முடியும்போது வட்டி மட்டும் 25 சேர்ந்திருக்கும். அதை அசலோடு சேர்த்தால் கடன் 125. பத்து வருடத் தவணையில் மாதம் சுமார் 1.65 வீதம் கட்டி முடிக்கும்போது மொத்தம் 198 போயிருக்கும், அதாவது வாங்கியதைப் போல இரண்டு மடங்கு. அதே கடனில் படிக்கும் காலத்து வட்டியை அவ்வப்போது கட்டிவிட்டால் தவணை 1.32 ஆகிவிடும், ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நான் மாலையில் கணக்கு டியூஷன் எடுத்து அந்த வட்டியைக் கட்டினேன். எல்லோருக்கும் அதற்கு நேரமும் உடம்பும் இடம் கொடுக்காது, தெரியும், யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சின்னத் தொகைதான் பின்னால் என் வேலையையே தீர்மானித்தது.

எப்படி என்றால், படிப்பு முடிந்தபோது இரண்டு வேலைகள் வந்தன. ஒன்று கணினி முன்னால் உட்கார்ந்து வாடிக்கையாளர் புகார்களைப் பதிவு செய்வது, சம்பளம் நன்றாக இருந்தது. இன்னொன்று ஒரு தொழிற்சாலையின் உற்பத்திப் பிரிவில், ஷிஃப்ட் வேலை, சம்பளம் குறைவு. என் தவணை சிறியதாக இருந்ததால் இரண்டாவதை எடுக்க முடிந்தது. கடன் அதிகமாக இருந்த என் வகுப்புத் தோழனுக்கு அந்த வாய்ப்பே இல்லை, முதலாவதுக்குப் போனான். படிப்பில் என்னைவிடக் கெட்டிக்காரன், அவன் படித்த எதுவும் அங்கே தேவைப்படவில்லை.

நான் போன இடத்தில் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் ஒரு பிரஸ் மெஷினுக்கு டை (அச்சு) மாற்றவே பாதி ஷிஃப்ட் போய்க்கொண்டிருந்தது. ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ சொன்ன முறை பாடத்தில் வரும்: மெஷின் நின்றால்தான் செய்ய முடிகிற வேலை எது, ஓடும்போதே செய்து வைக்கக்கூடிய வேலை எது என்று முதலில் பிரிக்க வேண்டும். ஆபரேட்டர்களோடு நின்று அதைப் பிரித்தோம். அடுத்த டையை முன்கூட்டியே எடுத்து வைப்பது, போல்ட்டுகளை ஒரே அளவுக்கு மாற்றுவது, இப்படிச் சாதாரண விஷயங்கள்தான். டை மாற்றும் நேரம் பாதிக்கும் கீழே வந்தது. அடுத்த நேர்முகத் தேர்வில் என்னிடம் கேட்டதெல்லாம் இதைப் பற்றித்தான், சம்பளம் ஏறியதும் இதனால்தான். இந்தத் துறையில் சம்பளம் அப்படித்தான் ஏறுகிறது, "இவ்வளவு நேரம், இவ்வளவு சரக்கு, இவ்வளவு செலவு குறைத்தேன்" என்று சொல்ல உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும். அது தொழிற்சாலையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, மருத்துவமனையாக இருக்கலாம், கிடங்காக இருக்கலாம், விமான நிலையமாகக்கூட இருக்கலாம்.

அங்கேயே இன்னொன்றும் நடந்தது, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஒரு அசெம்பிளி லைனில் ஸ்டாப்வாட்சோடு டைம் ஸ்டடி, அதாவது ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்ற கணக்கு, எடுக்கச் சொன்னார்கள். யாருக்கும் வேலை போகாது என்று மேலதிகாரி எல்லோர் முன்னாலும் சொன்னார். அதை நம்பித்தான் தொழிலாளர்கள் எதையும் மறைக்காமல் எனக்கு வேலையைச் செய்து காட்டினார்கள். அறிக்கை போன கொஞ்ச நாளில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் சிலரை நிறுத்திவிட்டார்கள். 1911-இல் அமெரிக்காவின் வாட்டர்டவுன் ஆயுதத் தொழிற்சாலையில் வார்ப்புத் தொழிலாளர்கள் ஸ்டாப்வாட்சை எதிர்த்து வேலையை விட்டு வெளியே வந்தார்கள், 1915-இல் அந்த நாட்டு நாடாளுமன்றம் அரசு ஆயுதத் தொழிற்சாலைகளில் அதற்குத் தடையே போட்டது. நூறு வருடம் கழித்தும் அதே ஸ்டாப்வாட்ச், கூடவே ஏமாற்று. வாக்கை மீறியவர்கள் அவர்கள், அந்த மனிதர்களின் பார்வையைத் தாங்க வேண்டியிருந்தது எனக்கு.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரிகள் காட்டும் சராசரிச் சம்பளத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். பெரிய சம்பளம் வாங்கிய ஓரிருவரே சராசரியைத் தூக்கிவிடுவார்கள், வேலை கிடைக்காதவர்கள் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். முந்தைய வருடம் முடித்தவர்களில் சம்பள வரிசையில் நடுவில் இருப்பவருக்கு வரி, பிடித்தமெல்லாம் போகக் கைக்கு எவ்வளவு வருகிறது என்று விசாரியுங்கள். அதில் ஆறில் ஒரு பங்குக்குள் தவணை அடங்கினால் தைரியமாகச் சேருங்கள். மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் இதே படிப்பைச் செலவு குறைந்த கல்லூரியில் படியுங்கள், கல்லூரிப் பெயருக்காக அந்த வித்தியாசத்தைக் கடனாகச் சுமக்க வேண்டாம். ஆறில் ஒன்று என்பது என் அனுபவத்தில் வந்த அளவு, எந்தப் புத்தகத்திலும் இருந்து எடுத்ததல்ல. குடும்பத்தையும் தாங்க வேண்டியவருக்கு அதுவே அதிகம்.

சம்பளம் முக்கியமில்லை, அனுபவம்தான் முக்கியம் என்று நான் உபதேசம் செய்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். சம்பளம் முக்கியம் என்பதால்தான் முதல் இரண்டு வருடம் குறைந்த சம்பளத்தில் தாக்குப்பிடிக்கிற அளவுக்குக் கடனைச் சிறிதாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

கடன் கொடுப்பவரிடம் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: படிக்கும் காலத்து வட்டி எப்போது அசலோடு சேரும், முன்கூட்டியே கட்டினால் அபராதம் உண்டா. வட்டி விகிதமும் தவணைக் காலமும் தெரிந்ததும் இங்கே எழுதுங்கள், உங்கள் தொகைக்குக் கணக்குப் போட்டுத் தருகிறேன்.