பெரியார் எல்லாரையும் எல்லாவற்றையும் திட்டினாரே, அவர் யார் பக்கம்தான் நின்றார்?

ஒரே பக்கத்தில் நின்றவர் அல்ல அவர். அதனால்தான் இன்றும் அவரை முழுதாகச் சொந்தம் கொண்டாட யாராலும் முடியவில்லை, அவருடைய தொண்டர்கள் உட்பட.

அரசியலை எடுத்துக்கொள்ளுங்கள். 1947 ஆகஸ்ட் 15 துக்க நாள் என்றார். கூடவே இருந்த அண்ணாவே அதை ஏற்காமல், அது இன்ப நாள் என்று வெளிப்படையாக எழுதினார். சரி, காந்தியையும் காங்கிரசையும் ஓயாமல் தாக்கியவர்தானே, காந்தி இறந்ததும் பேசாமல் இருந்திருப்பார் என்று பார்த்தால், இந்தியாவுக்குக் காந்தி பெயரையே வைக்கச் சொன்னார்! 1954-இல் காமராசர் முதல்வரானதும் அந்தக் காங்கிரஸ்காரரைத் தாங்கிப் பிடித்ததும் இவர்தான். இதைக் குழப்பம் என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை: கட்சியைப் பார்க்காமல், அந்த நேரத்தில் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்று மட்டும் கணக்குப் போட்டார். ஈரோட்டு வியாபாரி அல்லவா!

மதத்திலும் இதே கதைதான். 1953-இல் பொது இடத்தில் பிள்ளையார் பொம்மையை உடைத்தவர், முன்பு ஈரோட்டுக் கோயில்களின் நிர்வாகக் குழுவில் பொறுப்போடு வேலை பார்த்தவர். 1924-இல் வைக்கத்தில் சிறைக்குப் போனதும் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாரும் நடக்கும் உரிமைக்காக. சைவ மடத்தின் தலைவரான குன்றக்குடி அடிகளார் கொடுத்த திருநீற்றையும் மறுக்கவில்லை. கொடுப்பவரை மதிப்பது வேறு, அவர் சாமியை ஒத்துக்கொள்வது வேறு என்பது அவர் வழக்கம்.

அன்றாட வாழ்க்கையில்தான் ஆளை இன்னும் நன்றாகப் பிடிக்கலாம். பெண்கள் முடியைக் குறைத்துக்கொள்ளட்டும், நகை எதற்கு, பிள்ளைபெறுவது கட்டாயமா என்று கேட்டார். அப்புறம், கையெழுத்துக்கும் குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கும் காசு கேட்பார். வந்த பணம் இயக்கத்துக்குப் போனது.