பென் டிரைவ் வேண்டாம், சர்வர் கொடுங்கள்

கேள்வி: மருத்துவக் கல்லூரியில் பொது சுகாதாரம் படிக்கிறேன். சர்க்கரை நோயாளிகளின் ஐந்தாண்டுப் பதிவுகளை வைத்துத் தீசிஸ். எத்திக்ஸ் கமிட்டி அனுமதி கொடுத்துவிட்டது. ஆனால் சர்வர் அக்சஸ் கேட்டு ஐடி பிரிவுக்கு மூன்று மெயில் போட்டும் பதில் இல்லை. “பென் டிரைவில் வாங்கிக்கோ, யாருக்குத் தெரியப்போகுது” என்கிறார் சீனியர். வாங்கலாமா?
– கோவை வாசகி

பதில்: வாங்காதீர்கள். அது பஸ்ஸில் தொலைந்தால் சீனியர் வந்து நிற்க மாட்டார், உங்கள் கைடுதான் நிற்க வேண்டியிருக்கும்.

நீங்கள் அனுப்பிய மெயிலையும் இணைத்திருந்தீர்கள். “தீசிஸ் வேலைக்காக நோயாளிகள் டேட்டாபேஸ் அக்சஸ் தேவை, விரைவில் ஏற்பாடு செய்யவும்.” அவ்வளவுதான் இருக்கிறது. ஐடி பிரிவு ஆள் இடத்தில் உட்கார்ந்து இதைப் படித்துப் பாருங்கள். எந்த டேபிள், யார் யாருக்கு, எத்தனை நாளைக்கு, எதுவுமே இல்லை. 2022 நவம்பரில் டில்லி எய்ம்ஸ் சர்வர்கள் சைபர் தாக்குதலில் முடங்கி, சுமார் இரண்டு வாரம் எல்லாவற்றையும் கையால் எழுதிக்கொண்டிருந்தார்களே, அதற்கப்புறம் எந்த ஆஸ்பத்திரியிலும் இப்படிப்பட்ட மெயிலுக்கு ‘சரி’ போட ஆள் கிடைக்காது. அதோடு, தரவு ஐடி பிரிவின் சொத்தும் இல்லை. கடிதம் கண்காணிப்பாளருக்கு, கைடு கையெழுத்தோடு, மருத்துவப் பதிவேட்டுப் பிரிவு வழியாகப் போக வேண்டும்; அங்கிருந்து உத்தரவு வந்தால்தான் ஐடி ஆள் கைவைப்பார்.

கடிதத்தில் எவ்வளவு குறைவாகக் கேட்கிறீர்களோ அவ்வளவு சீக்கிரம் கிடைக்கும். எத்திக்ஸ் கமிட்டி அனுமதி எண்ணை முதல் வரியிலேயே போடுங்கள். அப்புறம் இப்படி: “வயது, பாலினம், எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு), மருந்து, வந்த மாதம் ஆகிய ஐந்து மட்டும் போதும். பெயர், போன், ஆதார், முகவரி வேண்டாம். படிக்க மட்டும் அனுமதி. பயன்படுத்துவது நான் ஒருத்திதான். மார்ச் 31க்குப் பிறகு அக்கவுண்ட்டை மூடிவிடலாம்.” ஒரு சிக்கல் உண்டு. ஒரே நோயாளி ஐந்து வருடத்தில் இருபது தடவை வந்திருப்பார், அதையெல்லாம் சேர்த்துப் பார்க்க ஏதாவது ஓர் எண் வேண்டுமே? ஓபி எண்ணைக் கேட்காதீர்கள். அதற்குப் பதில் ஆய்வுக்கென்று ஒரு எண் போட்டுத் தரச் சொல்லுங்கள். எது எந்த ஓபி எண் என்ற பட்டியல் பதிவேட்டுப் பிரிவிலேயே பூட்டி இருக்கட்டும்.

வெளியிலிருந்து நுழைவதென்றால் விபிஎன் (பாதுகாப்பான தனி இணைப்பு), ஓடிபி இரண்டும் வைக்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். அனுமதி வரும்வரை சும்மா இருக்காமல் நூறு பொய்ப் பதிவுகளை எக்செல்லில் உருவாக்கி, அதில் உங்கள் புரோகிராமை ஓட்டிப் பழகுங்கள். இங்கிலாந்தில் 2020ல் தொடங்கிய ஓபன்சேஃப்லி என்ற மருத்துவத் தரவு ஆய்வுத் தளமே இப்படித்தான் இயங்குகிறது: ஆய்வாளர் போலித் தரவில் புரோகிராம் எழுதுவார், அந்தப் புரோகிராம் மட்டும் உண்மைத் தரவிடம் போகும்.

கேள்வி: பெயரை நீக்கிவிட்டால் போதாதா? அப்புறம் எதற்கு சர்வர், கடிதம் எல்லாம்?
– அதே வாசகியின் தோழி

பதில்: போதாது. 1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆய்வுக்குக் கொடுத்தார்கள். லடான்யா ஸ்வீனி என்ற மாணவி கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கி, பிறந்த தேதி, பாலினம், பின்கோடு மூன்றையும் ஒப்பிட்டு, ஆளுநர் வில்லியம் வெல்டின் பதிவையே கண்டுபிடித்துவிட்டார். அதனால்தான் மேலே பிறந்த தேதி கேட்காமல் வயது மட்டும் கேட்கச் சொன்னேன்.

கேள்வி: ஆராய்ச்சிக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறதாமே?
– மதுரை வாசகர்

பதில்: 2023ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது, நிபந்தனையோடு. அந்தத் தரவை வைத்துத் தனி ஒருவரைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது, அரசு வகுத்த தரநிலைகளையும் பின்பற்ற வேண்டும். பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்றும் அதே சட்டம்தான் சொல்கிறது. அந்தப் பக்கத்தை எடுத்துக் கோவை வாசகி தன் சீனியருக்கும் காட்டட்டும்.