அந்தக் கடிதங்களை வாசித்தவன்

வணக்கம் சேர்,

நீங்கள் சொன்ன ‘பர்த்’ படத்தைப் பார்த்தேன். கணவன் இறந்து பத்து வருடமாகி மறுமணத்துக்குத் தயாராகும் அன்னாவிடம் ஒரு பத்து வயதுப் பையன் வந்து, “நான்தான் உன் புருஷன்” என்கிறான். கடைசியில் பார்த்தால், அவளுடைய பழைய கடிதங்களைத் தோண்டி எடுத்து வாசித்திருக்கிறான். ஏமாந்த மாதிரி ஆகிவிட்டது. சில காட்சிகள் கூச்சமாகவும் இருந்தன. அவன் அவர்தானா, இல்லையா?

– ஒரு வாசகி, பண்டாரவளை

அன்பின் மகள்,

கூச்சம் எனக்கும் இருந்தது. 2004இல் வெனிஸ் விழாவிலேயே இந்தப் படத்துக்குக் கூச்சல் போட்டார்கள். அது இருக்கட்டும், கடிதங்களுக்கு வருகிறேன்.

அன்னா கணவனுக்கு எழுதியவை அவை. அவன் அவற்றைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் தன் காதலி கிளாராவிடம் கொடுத்துவிட்டான். மண்ணுக்குள் போனவற்றைத் தோண்டி வாசித்தவன் அந்தப் பையன். அன்னாவின் வார்த்தைகள் போய்ச் சேர்ந்தது அவனிடம்தான். கணவனுக்கு இன்னொருத்தி இருந்தாள் என்று தெரிந்ததும், ‘அப்படியென்றால் நான் அவன் இல்லை, நான் அன்னாவை நேசிக்கிறேனே’ என்ற முடிவுக்கு வருகிறான். அவளிடம் மட்டும் அந்த உண்மையைச் சொல்வதில்லை. எனக்கு நெஞ்சை அடைத்துவிட்டது. இதை ஏமாற்று என்று எப்படிச் சொல்வேன்?

அந்த ஓப்பரா காட்சியை மறுபடி பாருங்கள். சற்று முன்னால்தான் பையன் அவள் கண்ணெதிரே மயங்கி விழுந்திருக்கிறான். வாக்னரின் இசை ஓடுகிறது. இயக்குநர் ஜோனதன் கிளேசரின் கேமரா நிக்கோல் கிட்மனின் முகத்தை மெல்ல நெருங்கி அங்கேயே நின்றுவிடுகிறது. பக்கத்தில் இருப்பவர் குனிந்து ஏதோ சொல்கிறார், அவளுக்கு அது ஏறவே இல்லை. வசனமே இல்லாமல், ஒரு மனுஷி நம்பத் தொடங்குவதைப் பார்க்கிறோம்.

‘அவரா, இல்லையா’ என்பது நம் மலையகத்திலும் கேட்கப்பட்ட கேள்விதான். இயன் ஸ்டீவன்சன் என்ற மனநல மருத்துவர் 1966இல் வெளியிட்ட நூலில், தலவாக்கலையில் இறந்த ஒரு பையன் தான்தான் என்று சொன்ன சிறுமியைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தப் பிள்ளை சொன்னதெல்லாம் சரியா என்று எத்தனையோ பேர் பார்த்தார்கள். எனக்கு அதை வாசிக்கும்போது மகனைப் பறிகொடுத்த அம்மாவின் நினைவாகவே இருந்தது.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தாத்தா இறந்து எட்டாம் மாதம் அத்தைக்கு ஒரு பையன் பிறந்தான். தாத்தாவின் பேரையே வைத்தார்கள். அப்பாயி ஒரு நாளும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. புருஷன் பேராச்சே. “இந்தாங்க, வாங்க” என்பார். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போகும் முன் அவனை இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், தாத்தா உட்காரும் மூலையில் உட்கார வைத்து, சுட்ட முதல் ரொட்டியை அவன் கையில் கொடுப்பார். அவன் தின்று முடிக்கும்வரை கொழுந்துக் கூடையைத் தொடமாட்டார். அவரிடம் போய் ‘இது தாத்தாதானா?’ என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

படத்தின் முடிவில் அந்தப் பையன் அன்னாவுக்குக் கடிதம் எழுதுகிறான். அவன் குரலில் அது ஒலிக்கிறது. அப்புறம் அவள் கல்யாண உடையோடு கடல் அலைக்குள் இறங்கி நிற்கிறாள்.