ஸ்டிக்கரை உரித்த வருடம்

அன்புள்ள ஐயா,

டெக்சாஸில் ஆஸ்டினுக்குப் பக்கத்தில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், என்னைத் தம்பி போலப் பார்த்துக்கொள்பவர். அவருடைய பிக்கப் டிரக்கின் பின் கண்ணாடியில் கன் ஓனர்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற துப்பாக்கி உரிமை அமைப்பின் ஸ்டிக்கர் இருக்கிறது. அதற்கு முன் அங்கே என்ஆர்ஏ, அதாவது நேஷனல் ரைஃபிள் அசோசியேஷன் என்ற பெரிய துப்பாக்கிச் சங்கத்தின் ஸ்டிக்கர் இருந்ததாம். பழையதை பிளேடால் சுரண்டிய தடம் இன்னும் தெரிகிறது. ஏன் என்று கேட்டேன். "நம்மை விற்றுவிட்டார்கள்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

நம் ஊரில் கட்சி மாறுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். பதவிக்காகவோ பணத்துக்காகவோ மாறுவார்கள். இவர் வெறும் சந்தா கட்டும் உறுப்பினர். இவருக்கு இதில் என்ன லாபம்? இப்படி ஆட்கள் விலகுவது துப்பாக்கி உரிமை இயக்கம் பலவீனமாவதன் அடையாளமா? துப்பாக்கியோடு யாராவது நுழைந்துவிட்டால் என்று, என் மகளின் பள்ளியில் கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, சத்தமில்லாமல் தரையில் உட்காரும் பயிற்சி கொடுக்கிறார்கள். அவளுக்கு ஏழு வயது. அதனால்தான் கேட்கிறேன்.

இன்னொன்று. அவர் தன் துப்பாக்கி சுடும் கிளப்புக்கு என்னையும் ஒருநாள் கூப்பிடுகிறார். போகலாமா? பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் தரையில் உட்கார்ந்திருக்கும் அந்த வரியைத் தாண்டி மேலே படிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நாட்டில் துப்பாக்கிகளுக்குக் கடுமையான கட்டுப்பாடு வேண்டும் என்று நினைப்பவன் நான். அதனாலேயே உங்கள் முதல் கேள்விக்கு எனக்குப் பிடிக்காத பதிலைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பலவீனத்தின் அடையாளம் இல்லை. என்ஆர்ஏ என்ற சங்கம் தேய்ந்த அதே வருடங்களில்தான் துப்பாக்கி உரிமைக்காரர்கள் உச்ச நீதிமன்றத்தில் பெரிய வழக்குகளை வென்றார்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு விவரம் விட்டுப்போயிருக்கிறது. அவர் பழைய ஸ்டிக்கரை எந்த வருடம் உரித்தார்? அது தெரிந்தால் காரணத்தை ஓரளவு நானே சொல்லிவிடுவேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு கோபங்களோடு வெளியேறியிருக்கிறார்கள்.

1871-ல் நியூயார்க்கில் தொடங்கிய சங்கம் அது. உள்நாட்டுப் போரில் சிப்பாய்களுக்குக் குறி பார்த்துச் சுடத் தெரியவில்லையே என்ற கவலையில் ராணுவ அதிகாரிகள் ஆரம்பித்தது. அடுத்த நூறு வருடம் பெரும்பாலும் போட்டி, பயிற்சி, வேட்டை என்றே இருந்தது. கென்னடியைக் கொன்ற துப்பாக்கி, அந்தச் சங்கத்தின் பத்திரிகையில் வந்த விளம்பரத்தைப் பார்த்துத் தபாலில் வாங்கியது. தபாலில் துப்பாக்கி விற்பதைத் தடுக்கலாம் என்று சங்கத்தின் தலைமையே அன்று ஒத்துக்கொண்டது. 1968-ல் சட்டம் வந்தது. முழுச் சட்டமும் தலைமைக்குப் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது, ஆனாலும் அதோடு வாழ முடியும் என்று நினைத்தார்கள். உறுப்பினர்களில் ஒரு பகுதி அதை மன்னிக்கவே இல்லை. 1970-களின் நடுவில் கலிஃபோர்னியாவில் ஒரு மாநில செனட்டர் கன் ஓனர்ஸ் ஆஃப் அமெரிக்காவைத் தொடங்கினார். உங்கள் நண்பரின் இன்றைய ஸ்டிக்கர் அங்கிருந்து வருகிறது.

உள்ளேயே இருந்தவர்கள் 1977 மே மாதம் சின்சினாட்டியில் நடந்த ஆண்டுக்கூட்டத்தில் எழுந்தார்கள். தலைமை அலுவலகத்தை வாஷிங்டனிலிருந்து கொலராடோ ஸ்பிரிங்ஸுக்கு மாற்றி, அரசியலைக் குறைத்து, வேட்டை, இயற்கைப் பாதுகாப்பு என்று போகலாம் என்பது தலைமையின் திட்டம். கிளர்ச்சிக்காரர்கள் ஒருவரை ஒருவர் அடையாளம் காண ஆரஞ்சு நிற வேட்டைத் தொப்பி போட்டுக்கொண்டு, கையில் வாக்கி டாக்கியோடு மண்டபத்தில் பரவி நின்றார்கள். சங்கத்தின் விதிகளைக் கரைத்துக் குடித்திருந்தார்கள். தீர்மானத்துக்கு மேல் தீர்மானமாகக் கொண்டுவந்து, விடியும் நேரத்தில் கூட்டம் முடிந்தபோது பழைய தலைமை வெளியே இருந்தது. ஹார்லன் கார்ட்டர் தலைமைக்கு வந்தார். கிளர்ச்சியின் மூளைகளில் ஒருவரான நீல் நாக்ஸ், சங்கத்தின் அரசியல் பிரிவுக்குப் பொறுப்பேற்றார்.

அந்த நாக்ஸை 1982-ல் அதே சங்கம் வெளியேற்றியது. அளவுக்கு மீறிப் பிடிவாதமானவர் என்பது குற்றச்சாட்டு. 90-களில் நிர்வாகக் குழு வழியாகத் திரும்பி வந்தார். 1997-ல் துணைத்தலைவர் தேர்தலில் நடிகர் சார்ல்டன் ஹெஸ்டனிடம் சில ஓட்டுகளில் தோற்றார். அவருடைய மகன் ஜெஃப் நாக்ஸ் 2024-ல் சீர்திருத்த அணியில் நின்று நிர்வாகக் குழுவுக்குத் தேர்வானார். ஒரு குடும்பம் அரை நூற்றாண்டாக ஒரு சங்கத்தோடு சண்டை போடுகிறது, ஆனால் அதை விடவில்லை. அவர்களுடைய கொள்கை எனக்குத் துளியும் உடன்பாடில்லை. ஆனாலும் அந்த ஈடுபாட்டை என்னால் அலட்சியமாகப் பார்க்க முடியவில்லை.

உங்கள் நண்பரின் "விற்றுவிட்டார்கள்" என்ற சொல்லுக்கு வருகிறேன். 2017 அக்டோபர் 1, லாஸ் வேகஸ். ஹோட்டல் ஜன்னலிலிருந்து ஒருவன் இசைக் கச்சேரிக் கூட்டத்தின் மேல் பத்து நிமிடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டான். பின்னாளில் காயங்களால் இறந்தவர்களையும் சேர்த்து 60 பேர். விசையை ஒவ்வொரு தடவையும் அழுத்த வேண்டிய துப்பாக்கியை இயந்திரத் துப்பாக்கி வேகத்தில் சுட வைக்கும் பம்ப் ஸ்டாக் என்ற பொருளை அவன் மாட்டியிருந்தான். நான்கு நாள் கழித்து என்ஆர்ஏ அறிக்கை விட்டது. அப்படிப்பட்ட கருவிகளுக்குக் கூடுதல் கட்டுப்பாடு இருக்கலாம் என்று ஒரு வாக்கியம் அதில் இருந்தது.

அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. கன் ஓனர்ஸ் ஆஃப் அமெரிக்கா உடனே எதிர்த்தது. டிரம்ப் அரசு 2018 இறுதியில் தடை ஆணை போட்டபோது நீதிமன்றத்துக்கும் போனது. உங்கள் ஆஸ்டினில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் மைக்கேல் கார்கில், தன்னிடமிருந்த இரண்டு பம்ப் ஸ்டாக்குகளை அரசிடம் ஒப்படைத்துவிட்டு வேறொரு சட்ட அமைப்பின் துணையோடு தனியாக வழக்குப் போட்டார். 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை 6-க்கு 3 என்ற கணக்கில் ரத்து செய்தது. அரசின் ஆணையாக வந்தது செல்லாது, வேண்டுமானால் காங்கிரஸ் சட்டம் இயற்றட்டும் என்ற நிலை.

இந்த அமைப்புகள் எப்படிப் பிழைக்கின்றன என்று பார்த்தால் உங்கள் நண்பர் புரிந்துவிடுவார். வருடச் சந்தா, அதற்கு மேல் கடிதம் போட்டுத் திரட்டும் நன்கொடை. ஒரு பெரிய சங்கம் சட்டம் இயற்றுகிறவர்களோடு உட்கார்ந்து பேசியாக வேண்டும், பேசினால் எதையாவது விட்டுக்கொடுத்தாக வேண்டும். பக்கத்தில் நிற்கும் சின்ன அமைப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. "நாங்கள் சமரசமே செய்யாதவர்கள்" என்பதுதான் அதன் முதலீடு. பெரிய சங்கம் ஓர் அங்குலம் நகர்ந்தால் போதும், சின்ன அமைப்பின் கடிதம் அடுத்த வாரம் தபால்பெட்டியில் இருக்கும். செகண்ட் அமெண்ட்மெண்ட் ஃபவுண்டேஷன் என்ற இன்னொரு துப்பாக்கி உரிமை அமைப்பை 1974-ல் தொடங்கிய ஆலன் காட்லீபும் இதிலிருந்து தப்பவில்லை. 2013-ல் அவருடைய இன்னொரு அமைப்பு, துப்பாக்கி வாங்குகிறவரின் பின்னணியைச் சரிபார்ப்பதை விரிவாக்கும் மசோதாவை முதலில் ஆதரித்தது. வசவு மழை பொழிந்தது. சில நாளில் ஆதரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

உங்கள் நண்பர் 2019-க்குப் பிறகு விலகியிருந்தால் கதை வேறு. அது கொள்கைக் கோபமாக இருக்காது, சந்தா கட்டியவனின் வயிற்றெரிச்சலாக இருக்கும். அந்த வருடம் இண்டியானாபொலிஸில் நடந்த என்ஆர்ஏ கூட்டத்தில் தலைவர் ஆலிவர் நார்த்தும் நிர்வாகத் துணைத்தலைவர் வெய்ன் லபியரும் மோதிக்கொண்டதில் கணக்குகள் வெளியே வந்தன. லபியர் பெவர்லி ஹில்ஸ் கடையில் 2.7 லட்சம் டாலருக்கு மேல் கோட்டு சூட்டு வாங்கியது அதில் ஒன்று. 2020-ல் நியூயார்க் மாநிலம் வழக்குத் தொடுத்தது. 2021-ல் சங்கம் டல்லாஸில் திவால் மனு போட, நல்லெண்ணத்தோடு போட்ட மனு அல்ல என்று நீதிபதி தள்ளிவிட்டார். 2024 பிப்ரவரியில் நடுவர் குழு, லபியர் 43 லட்சம் டாலருக்கு மேல் திருப்பிக் கட்ட வேண்டும் என்றது. 2018-ல் ஏறத்தாழ 17 கோடி டாலராக இருந்த சந்தா வருமானம் 2023-ல் பாதிக்கும் கீழே போயிருந்தது. அங்கே வாக்களிக்கும் உரிமை ஆயுள் உறுப்பினருக்கும் தொடர்ந்து ஐந்து வருடம் சந்தா கட்டியவருக்கும்தான். கோபித்துக்கொண்டு ஒரு வருடம் கட்டாமல் விட்டவர், திருட்டைக் கேள்வி கேட்கும் ஓட்டையும் சேர்த்தே விட்டுவிடுகிறார்.

எதிர்த் திசையில் விலகியவர்களும் உண்டு. என் மனம் அவர்களிடம்தான் போய் நிற்கிறது.

சில வருடங்களுக்கு முன் பென்சில்வேனியாவில் என் சித்தப்பா மகள் வீட்டில் ஒரு மாதம் இருந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு கிழவர், எஃகு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என்ஆர்ஏ ஆயுள் உறுப்பினர். மான் வேட்டைக்கு அனுமதிக் காலம் தொடங்கும் வாரம் அது. சமையலறை மேஜையில் பழைய துண்டை விரித்து, துப்பாக்கிக் குழாய்க்குள் எண்ணெய்த் துணியை விட்டு இழுத்துக்கொண்டிருந்தார். நான் கேட்ட கேள்விக்கு எழுந்து போய் ஒரு டிராயரை முழுதாக உருவி மேஜைமேல் வைத்தார். பன்னிரண்டு வயதில் சங்கத்தின் பயிற்சியாளர் கொடுத்த பாதுகாப்புச் சான்றிதழ், மடிப்புகளில் கிழிந்து டேப் ஒட்டியது. அதன் அடியில் ரப்பர் பேண்ட் போட்ட நன்கொடைக் கடிதங்கள். ரப்பர் பேண்ட் காய்ந்து காகிதத்தோடு ஒட்டிப்போயிருந்தது.

மேலே இருந்தது 1995-ல் வந்தது. மத்திய அரசின் அதிகாரிகளைப் பூட்ஸ் கால் குண்டர்கள் என்று திட்டிய கடிதம். அது வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்த அதே காலத்தில் ஓக்லஹோமா நகரில் மத்திய அரசுக் கட்டடம் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டு 168 பேர் செத்தார்கள். முன்னாள் ஜனாதிபதி மூத்த புஷ் தன் ஆயுள் உறுப்பினர் பதவியைத் துறந்து சங்கத்துக்கு எழுதினார். அவருக்குப் பாதுகாவலராக இருந்த அதிகாரி ஒருவரும் அந்தக் கட்டடத்தில் இறந்திருந்தார். "அவர் பெரிய மனிதர், எழுதிவிட்டு வெளியே போகலாம். நான் போனால் எங்கே போவேன்?" என்று கிழவர் கேட்டார். அன்றிலிருந்து அவர் ஒரு டாலர்கூட அனுப்பவில்லை. ஓட்டும் போடவில்லை. ஆயுள் சந்தா கட்டிவிட்டதால் கணக்கில் இன்னும் உறுப்பினர்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. வேட்டைத் துப்பாக்கியும் இருக்கட்டும், நியாயமான சட்டமும் இருக்கட்டும் என்கிறவர்களுக்காக 2005-ல் ஒரு முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் அமெரிக்கன் ஹன்டர்ஸ் அண்ட் ஷூட்டர்ஸ் அசோசியேஷன் என்று தொடங்கினார். ஐந்தே வருடத்தில் அது மூடப்பட்டது. நடுவில் நிற்கிறவர்கள் விலகினால் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கடுமையானவர்கள் விலகினால் இன்னும் கடுமையான இடத்துக்குப் போய், அங்கிருந்து பழைய சங்கத்தையும் தங்கள் பக்கம் இழுக்கிறார்கள். 1977 முதல் நடந்துவருவது இதுதான் என்று நான் நம்புகிறேன்.

கறுப்பின உறுப்பினர்களின் விலகலைத் தனியே சொல்ல வேண்டும். 1967-ல் கறுப்புச் சிறுத்தைகள் என்ற கறுப்பின இயக்கத்தினர் துப்பாக்கியோடு தெருவில் இறங்கியபோது, கலிஃபோர்னியாவில் பொது இடத்தில் தோட்டா நிரப்பிய துப்பாக்கி ஏந்துவதைத் தடுத்த சட்டத்தை என்ஆர்ஏ ஆதரித்தது. 2016 ஜூலையில் மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டீலை போலீஸ் மறித்தது. பள்ளி உணவகத்தில் வேலை பார்த்தவர், துப்பாக்கி வைத்திருக்க உரிமம் பெற்றவர். என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று முறைப்படி சொன்னார். சுடப்பட்டார். காரின் பின் இருக்கையில் நான்கு வயதுக் குழந்தை இருந்தது. சங்கம் அவர் பெயரைக்கூடக் குறிப்பிடாமல் ஓர் அறிக்கை விட்டது. அட்லாண்டாவில் 2015-ல் தொடங்கியிருந்த கறுப்பினத் துப்பாக்கி உரிமையாளர் சங்கத்துக்கு ஆட்கள் ஏன் போனார்கள் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

லாபம் என்ன என்று கேட்டிருந்தீர்கள். அவருடைய விசுவாசம் சங்கத்தின் மேல் இருந்ததே இல்லை. அப்பா கையில் கொடுத்த துப்பாக்கி, பிள்ளையோடு போன முதல் வேட்டை, வீட்டைக் காப்பவன் நான்தான் என்ற எண்ணம், இவற்றின் மேல் இருப்பது. சங்கம் அதற்கு வெளியே ஒட்டிய காகிதம். அதனால்தான் பிளேடால் சுரண்ட முடிந்தது.

கிளப்புக்குப் போங்கள். விருந்தாளியாக ஒருநாள் போவதற்குத் தடை இருக்காது. நிரந்தரமாகச் சேர வேண்டுமானால் பல கிளப்புகளில் என்ஆர்ஏ உறுப்பினர் அட்டை கேட்பார்கள், அங்கே கையெழுத்துப் போடாதீர்கள். காதுக்கும் கண்ணுக்கும் கவசம் தருவார்கள், கழற்றாதீர்கள். திரும்பும் வழியில் டிரக்கில் உட்கார்ந்திருக்கும்போது எந்த வருடம் உரித்தீர்கள் என்று அவரிடம் கேளுங்கள். 2017 என்று சொன்னால் லாஸ் வேகஸைப் பற்றி வாதாட வேண்டாம். உங்கள் மகள் இருட்டில் உட்காரும் பயிற்சியைப் பற்றிச் சொல்லுங்கள். அவருக்கும் பேரக் குழந்தைகள் இருக்கும் வயதுதான். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்